மாமாவுக்கு ஏன் இளநீர் கொடுத்தோம்

பிள்ளைகளே, சின்ன வயதில் நீங்கள் இருவரும் என்னிடம் அடிக்கடி ஒன்று கேட்பீர்கள். வவுனியாவிலிருந்து மாமா கோயில் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் ஏன் அவருக்கு இளநீர் மட்டும் வெட்டிக் கொடுக்கிறோம், ஏன் தண்ணீரோ தேத்தண்ணீரோ கொடுப்பதில்லை என்று. "மாமாவுக்குச் சூட்டு உடம்பு" என்று சொல்லிவிடுவேன். அது பொய். மாமா காலமாகிவிட்டார். இந்தக் காணியை உங்கள் பெயருக்கு எழுதும் வேளையும் வந்துவிட்டது. காணி உறுதிப் பத்திரத்தில் எல்லையும் பரப்பும் இருக்கும், இந்தக் கதை இராது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

காணி உங்களுக்குத் தெரிந்ததுதான். உடுப்பிட்டியிலிருந்து கடல்நீரேரிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், இரண்டு அறையும் குசினியும் உள்ள வீடு, பின்னால் கிணறு. தண்ணீர் இறைக்கும் மிசின்களைத் திருத்தி நான் உழைத்த காசும், உங்கள் அம்மா கழற்றிக் கொடுத்த காப்புகளும் சேர்ந்துதான் அது வந்தது. கலியாணத்துக்குப் பிறகு இருவரும் தேடிய தேட்டம் என்பதால் பாதி அவருக்கு, பாதி எனக்கு. முழுதாக விற்பதென்றால் இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும்.

அந்த ஒழுங்கையில் மற்றக் கிணறுகள் எல்லாம் சவர், உப்புக் கலந்த தண்ணீர். குளிக்கலாம், தோய்க்கலாம், வாயில் வைக்க முடியாது. எங்கள் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். பின்னேரமானால் ஒழுங்கை முழுவதும் குடத்தோடு எங்கள் வளவுக்குள் நிற்கும். காணியின் விலையே அந்தக் கிணற்றின் விலைதான்.

எங்கள் பிரிவைப் பற்றி எழுத எனக்கு வராது. இருவருமே வாய் அடக்காதவர்கள். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்லுவோம். சோறு குழைந்தது என்று தொடங்கும் கதை அவருடைய தகப்பன், என்னுடைய தாய் என்று போய்த்தான் நிற்கும். கடைசியில் கோடு ஏறி, வழக்காடிப் பிரிந்தோம். அம்மா பக்கத்து ஊரில் இருந்த தன் அண்ணையின், அதுதான் உங்கள் மாமாவின், வீட்டுக்குப் போனார். நீங்கள் பள்ளிக்கூடம் போய்வரச் சுகம் என்பதால் அப்போதைக்கு என்னோடு நின்றீர்கள்.

உங்களை யார் வைத்திருப்பது என்ற பேச்சு எங்கள் வழக்கைப் பார்த்த சட்டத்தரணியான பிறக்கிராசியாரின் விறாந்தையில் நடந்தது. மாமா கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே கதைத்தார்.

"பெம்பிளைப் பிள்ளையள் தாயோடைதான் நிக்கவேணும். உதிலை கதைக்க என்ன கிடக்கு?"

"கொஞ்சம் பொறும். தேப்பன் என்ன சொல்லுறார் எண்டு கேப்பம்" என்றார் பிறக்கிராசியார்.

"என்னோடை நிக்கட்டும் ஐயா. நான் சமைச்சுக் குடுப்பன்" என்று மட்டும் சொன்னேன்.

"சமைப்பாய். எங்கை வைச்சுச் சமைப்பாய்? வீட்டிலை பாதி என்ரை தங்கச்சியின்ரை. பாதி அடுப்பிலையோ உலை வைக்கப் போறாய்?"

பிறக்கிராசியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்திருப்பேன், வேறு ஆருடைய பிள்ளைகளைப் பற்றிய பேச்சாக இருந்திருந்தால்.

மாமா கெட்டவர் அல்ல. தங்கச்சி வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்பதுதான் அவருடைய நினைப்பு. வவுனியாவில் ஒரு குளத்தின் கீழ் அவருக்கு வயல் கிடைத்திருந்தது. தை பிறந்ததும் குடும்பத்தோடு அங்கே போகப்போகிறார், அம்மாவும் கூடப் போவார். ஆகவே முடிவு இப்படி ஆனது: காணியை விற்றுப் பாதியை அம்மா எடுத்துக்கொள்வது. என் பாதியில் நான் தைக்கு முன்னம் ஒரு வீடு வாங்கிவிட்டால் நீங்கள் என்னோடு இருந்து படிப்பது. வாங்காவிட்டால் நீங்களும் வவுனியாவுக்கு. வட்டுக்கோட்டையில் என் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு விலைக்கு நின்றது. அதைப் பேசி வைத்துவிட்டு, இந்தக் காணிக்கு ஆள் தேடத் தொடங்கினேன்.

வந்தவர் மலாயாவில் ரெயில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு பென்சன்காரர். குடையும், தேத்தண்ணீர் குடிக்கத் துணிப்பையில் தன் சொந்தப் பேணியுமாக வந்தார்.

"உறுதியை நொத்தாரிசு பாக்கட்டும் தம்பி. நான் தண்ணியைப் பாக்கிறன். தேத்தண்ணி குடியாமல் நான் காணி வாங்கிறேல்லை."

பால் விடாத வெறுந்தேத்தண்ணீர் வைத்துப் பனங்கட்டியோடு கொடுத்தேன். ஒரு மிடறு விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பனங்கட்டியை அப்படியே திருப்பித் தந்தார். "உதைக் கொண்டுபோம். இந்தத் தண்ணிக்கு இனிப்பு எதுக்கு?"

விலை பேசி முடிந்தது. எழும்பும்போது ஒன்று சொன்னார்: "உறுதி முடிக்க முதல் கிணத்தை ஒருக்கா இறைச்சுச் சேறு எடுத்துத் தாரும். ஆற்ரையோ சண்டையின்ரை ஊத்தையோடை நான் குடிபூரமாட்டன்."

அது எல்லாரும் கேட்பதுதான். முந்தின காலத்தில் ஒழுங்கைக்காரர் மாறி மாறித் துலாவில் இறைப்பார்கள். இறைக்க இறைக்க ஊறும். அடி தெரியுமுன்னம் ஆட்களுக்குக் கை விட்டுப்போகும். ஆனால் நான் மிசின்காரன் அல்லவா? வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போன காலம் அது, தோட்டம் தோட்டமாக மிசின் ஓடியது. என்னுடைய மிசினையும், திருத்த வந்து நின்ற இன்னொன்றையும் கிணற்றடியில் பூட்டினேன். புரட்டாதி வெயில், நிலம் வெடித்துக் கிடந்தது. இரண்டு மிசினும் சேர்ந்து உறிஞ்சியதில் மத்தியானத்துக்குள் அடியின் வெள்ளைக் கல்லே தெரிந்தது. மனம் ஆறவில்லை. பென்சன்காரர் எந்தக் குறையும் சொல்லிவிடக்கூடாது என்ற பயத்தில், ஊற ஊற இன்னும் இறைத்தேன். அலவாங்குக் கம்பியால் ஊற்றுக் கண்களையும் கிளறிவிட்டேன்.

எங்கள் மண்ணில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் நிற்கிறது. அதற்குக் கீழே கடல். கையால் இறைத்தவரை கடலுக்கு எங்கள் கிணறு தெரியாது. நான் இரண்டு மிசின் போட்டு அதைக் கூப்பிட்டுவிட்டேன். இது இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்போது எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது.

இறைத்த கிணற்றில் தண்ணீர் தெளியும்வரை ஒழுங்கையில் ஒருவரும் அள்ளிக் குடிப்பதில்லை. குடத்தில் பிடித்து வைத்ததைக் குடித்துக்கொண்டு இருந்தோம். உறுதி எழுதும் நாளுக்கு முதல்நாள் பின்னேரம்தான் கிணறு ஊறித் தெளிந்து, கண்ணாடி போல நின்றது. எட்டிப் பார்க்கப் பார்க்க எனக்கு வட்டுக்கோட்டை வீட்டின் வாசல் அதற்குள் தெரிந்தது.

உறுதி எழுதும் நாள் காலையில் எல்லாரும் எங்கள் வளவுக்கு வந்தார்கள். இங்கிருந்து சேர்ந்து நொத்தாரிசிடம் போவதாக ஏற்பாடு. மாமா வந்தார், அம்மா வந்தார், பென்சன்காரர் பேணியோடு வந்தார்.

"போகமுதல் ஒரு வாய் தேத்தண்ணி" என்றார் அவர்.

நான் எழும்பினேன். அதற்குள் அம்மா ஒன்றும் சொல்லாமல் கிணற்றில் அள்ளிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். பிரிந்து போனபின் அன்றுதான் அவர் அந்தக் குசினிக்குள் கால் வைத்தது. தேயிலைப் பேணி எங்கே என்று கேட்கவில்லை. நானும் அதை இடம் மாற்றி வைத்திருக்கவில்லை.

பென்சன்காரர் ஒரு மிடறு குடித்தார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"எடி பிள்ளை, சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டிட்டியோ?"

"நான் ஒண்டும் போடேல்லை ஐயா. நீங்கள் இனிப்பு வேண்டாம் எண்டனியளாம்."

மாமா பேணியை வாங்கிக் குடித்துவிட்டு முற்றத்தில் துப்பினார். எனக்குள் முதலில் வந்த நினைப்பை மறைக்காமல் எழுதுகிறேன்: இவள்தான் உப்பைப் போட்டுவிட்டாள், விற்பனை குழம்பினால் பிள்ளைகள் தன்னோடு வருவார்கள் என்று போட்டுவிட்டாள். கோபம் வரவில்லை. ஒரு நம்பிக்கைதான் வந்தது. அவர் போட்டிருந்தால் கிணறு தப்பியது. ஓடிப்போய் வாளியை விட்டு அள்ளி, கையில் ஏந்திக் குடித்தேன்.

கரித்தது.

மறுபடி அள்ளினேன். அதுவும் கரித்தது. எனக்குப் பின்னால் அம்மா வந்து நின்றதும் வாளிக்குள் கையை விட்டு நக்கிப் பார்த்ததும் தெரியும். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"உவன் வேணுமெண்டுதான் செய்தவன்!" மாமாவின் குரல் ஒழுங்கை முழுவதும் கேட்டது. "மிசின்காரனுக்குத் தெரியாதோ? தங்கச்சிக்குப் பாதி போகக்கூடாது எண்டு கிணத்தைக் கெடுத்துப்போட்டான்!"

"அண்ணை, எனக்கு உது தெரியாது. பிள்ளையள் மேலை ஆணையாச் சொல்லுறன்."

"பிள்ளையளை இழுக்காதை. தை பிறக்கட்டும், அதுகளைக் கூட்டிக்கொண்டு போறது நான்."

பென்சன்காரர் தன் பேணியைக் கழுவக் கேட்டார். கழுவ நல்ல தண்ணீர் இல்லை. அப்படியே பையில் போட்டுக்கொண்டு குடையை விரித்தார். "கோவியாதேயும் தம்பி. காணி நல்ல காணி. நான் தேத்தண்ணிக்காரன்." படலையைக்கூட மெல்லச் சாத்திவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு காணி பார்க்க ஒருவரும் வரவில்லை. குடத்தோடு வந்தவர்களும் வரவில்லை. எதிர் வீட்டுக்கார அக்கா மட்டும் வேலிக்கு மேலால் ஒரு நாள் சொன்னா: "இவ்வளவு நாளும் உங்கடை வாசல்லை நிண்டு கால் உளைஞ்சது. இப்ப நாங்களும் நீங்களும் ஒண்டு. கோயில் கிணத்துக்கு வாங்கோ, சேந்து அள்ளுவம்." அவ பகிடியாகத்தான் சொன்னா. நான் சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு கோயில் கிணற்றுக்குப் போய் உங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

பயம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். ஒழுங்கைக்குள் லொறிச் சத்தம் கேட்டால் கையில் இருந்த குறடு கீழே விழும். மிசினைப் பிரித்துவிட்டு எந்த ஆணி எங்கே என்று மறந்து நிற்பேன். உங்கள் சட்டைகள் கொடியில் காயும்போது எண்ணிப் பார்ப்பேன், ஏதோ குறைந்துவிட்டது போல. மூத்தவள் ஒரு நாள் பாடம் படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அப்பா, வவுனியாவிலை பள்ளிக்கூடம் இருக்கோ?" என்று கேட்டாள். "இருக்கும்" என்றேன். அவள் திரும்பப் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

ஐப்பசி மழை தொடங்கியது. வளவைச் சுற்றி வரம்பு கட்டி, கூரைத் தண்ணீரையும் மறித்து, ஒரு துளி வெளியே போகாமல் தேக்கினேன். தண்ணீர் நிலத்துக்குள் இறங்கினால் கடலை மெல்லத் தள்ளும் என்று ஏதோ ஒரு நம்பிக்கை. காலையில் எழும்பியதும் ஒரு கை அள்ளி நாக்கில் வைப்பேன். கரிக்கும். துப்பிவிட்டு வேலைக்குப் போவேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவும் கோயிலால் வரும்போது படலையைத் திறந்துகொண்டு வந்து, அள்ளி, நக்கிப் பார்த்துவிட்டுப் போவார். தன்னுடைய பாதி எப்படி இருக்கிறது என்று பார்க்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். நீங்கள் ஓடிப்போய் அவருடைய சேலையைப் பிடிப்பீர்கள். அவர் என்னோடு கதைக்கமாட்டார்.

கார்த்திகையில் ஒரு பின்னேரம், அடை மழை. பள்ளிக்கூடம் விட்டு வெகுநேரமாகியும் நீங்கள் வரவில்லை. கொண்டுபோய்விட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுப் பக்கம் பறந்தேன். சந்திக் கடைத் தாழ்வாரத்தில் நீங்கள் இருவரும் கச்சான் கடலை தின்றுகொண்டு நிற்கிறீர்கள், அம்மா ஒரு குடையால் இருவரையும் மறைத்துக்கொண்டு தான் நனைகிறார்.

"என்ன, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போயிட்டன் எண்டு நினைச்சியளோ?" பல மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் வார்த்தை.

"ஓம்" என்றேன். பொய் சொல்ல மூச்சு இல்லை.

அவர் தெருவில் ஓடும் வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணை வீட்டிலை ஒரு பேணி தேத்தண்ணி வைக்கவும் அண்ணியைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டவேணும்" என்றார். அது எனக்குச் சொன்னதா, மழைக்குச் சொன்னதா தெரியாது. "பிள்ளையளைத் துடைச்சு விடுங்கோ. இளையவளுக்குச் சளி பிடிக்கும்." அவ்வளவுதான். உங்களைச் சைக்கிளில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பொங்கல் வந்தது. வட்டுக்கோட்டை வீட்டை வேறு ஆளுக்கு விற்றுவிட்டதாக அக்கா சொல்லி அனுப்பினா. மாமா அடுத்த கிழமை லொறி பிடித்திருப்பதாகவும், பிள்ளைகளின் உடுப்புகளைக் கட்டி வைக்கும்படியும் ஆள் வந்து சொல்லிப்போனது. நான் கட்டினேன். கட்டிவிட்டு அவிழ்த்தேன். திரும்பக் கட்டினேன்.

லொறி வரும் நாள் விடியக் கிணற்றடிக்குப் போனேன். பழக்கத்தில் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தேன். துப்புவதற்காக வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். முந்தின நாட்களிலும் கரிப்புக் குறைந்துகொண்டே வந்ததுதான், ஆனால் மனம் நம்பவில்லை. அன்று சுத்தமாக இல்லை. பழைய தண்ணீர். இன்னொரு கை, இன்னொரு கை என்று வயிறு நிறையக் குடித்தேன். "தண்ணி திரும்பியிட்டுது அண்ணை, இன்னும் கொஞ்சக் காலம் தாங்கோ, பென்சன்காரரைத் திரும்பக் கூட்டிவாறன்" என்று மாமாவிடம் சொல்லவேண்டியதை வாய்க்குள் பாடமாக்கிக்கொண்டு வாசலில் நின்றேன்.

லொறி வந்தது. அதன் மேலே கட்டில், உரல், கோழிக்கூடு. மாமா முன்னால் இருந்து இறங்கினார். அம்மா இறங்கியவர் நேரே கிணற்றடிக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். அவர் வாளியை இழுத்து, ஒரு கை அள்ளிக் குடித்தார். விழுங்கினார். வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தார்.

"இன்னும் கரிக்குது அண்ணை" என்றார்.

முடிந்தது, பிள்ளைகளைக் கொண்டுபோகத்தான் பொய் சொல்கிறார். பொய் என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றுவரை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"இப்ப வித்தால் அரை விலைக்கும் ஆள் வராது" என்றார் மாமாவிடம். "என்ரை பாதியை இஞ்சை விட்டிட்டு நான் அங்கை வந்து இருந்தால், உவர் தன்ரை பாதியை ஆருக்காவது எழுதிப்போட்டுப் போயிடுவார். நான் என்ரை பாதியிலை ஒரு கொட்டில் போட்டுக் காவல் இருக்கிறன். தண்ணி திரும்பினவுடனை வித்துப்போட்டு வாறன்."

"விசர்க்கதை கதைக்காதை. பிள்ளையள்?"

"அதுகளுக்கு இடையிலை பள்ளிக்கூடம் மாத்தேலாது. நான் இஞ்சை நிக்க, அதுகள் அங்கை எதுக்கு?"

மாமா தலையைச் சொறிந்தார். அவருக்கும் லொறிக்குள் இடம் போதாது. "எங்கை, அந்த வாளியைக் கொண்டா பாப்பம்" என்று கையை நீட்டினார்.

பிள்ளைகளே, அந்த வாளி கிணற்றுக் கட்டில், அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஓடிப்போய் அதைத் தட்டி விழுத்துவோமா என்றுகூட நினைத்தேன்.

அம்மா வாளியைத் தூக்கித் தண்ணீரை வாழையடியில் ஊற்றினார். "வேண்டாம் அண்ணை. உதைக் குடிச்சு வயித்தாலை போனால், வழியிலை எத்தினை இடத்திலை லொறியை நிப்பாட்டுவியள்?"

லொறிக்காரப் பொடியன் வாய்விட்டுச் சிரித்தான். மாமாவும் சிரித்துவிட்டார். என்னைப் பார்த்து, "தென்னையிலை ஏறத் தெரியுமோ, அதுக்கும் மிசின் வேணுமோ?" என்றார். ஏறினேன். ஒரு குலையைப் பிடுங்கி விழுத்தினேன். அதுதான் மாமா எங்கள் வளவில் குடித்த முதல் இளநீர்.

அதற்குப் பிந்திய கதை உங்களுக்குத் தெரியும். கிணற்றை நடுவில் வைத்து வளவைக் குறுக்கே வேலி அடைத்தோம். அந்தப் பக்கம் அம்மாவின் கொட்டில், இந்தப் பக்கம் வீடு. மழைக்கு நீங்கள் நனையாமல் போய்வர வேலியில் ஒரு பொட்டு, ஒரு சின்ன நுழைவழி, விட்டேன். அதற்குள்ளால் நீங்கள் இருவரும் குனிந்து குனிந்து வளர்ந்தீர்கள். நானும் அம்மாவும் திரும்பச் சேரவில்லை. சேர்ந்திருந்தால் நல்லது என்று ஊர் சொன்னது. எங்களுடைய வாயை ஊருக்குத் தெரியாது.

தண்ணீர் திரும்பிவிட்ட விஷயம் ஒழுங்கைக்குத் தெரியாமல் போகுமா? குடங்கள் திரும்ப வந்தன. ஆனால் மாமா வரும் நாட்களில் ஒருவரும் குடத்தோடு வரமாட்டார்கள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. எதிர் வீட்டு அக்கா அன்றைக்கு ஒழுங்கை முகப்பில் நின்று எல்லாரையும் திருப்பி அனுப்புவா. மாமா ஒவ்வொரு முறையும் கேட்பார்: "தண்ணி திரும்பியிட்டுதோ?" "இல்லை அண்ணை" என்பார் அம்மா. நான் தென்னையில் நிற்பேன். எத்தனையோ வருடம் அப்படி ஓடிற்று. ஒவ்வொரு முறையும் அவர் கிணற்றுப் பக்கம் திரும்பும்போது எனக்கு அதே பயம்தான், குறையவில்லை. நீங்கள் பெரிய பிள்ளைகளான பிறகும், இனி யாரும் கூட்டிக்கொண்டு போக முடியாது என்று தெரிந்த பிறகும்.

ஏன் அப்படிச் சொன்னீர் என்று அம்மாவிடம் நான் கேட்டதில்லை. கேட்டால் கதை தொடங்கும், கதை தொடங்கினால் சண்டை வரும் என்று பயம். நீங்கள் வேண்டுமானால் கேளுங்கள்.

காணியை இருவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். கிணற்றில் மிசின் போடவேண்டாம். பங்குனிக்குப் பிறகு மழை பிந்தினால், காலையில் முதல் கையை நீங்கள் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு மற்றவர்களுக்குக் கொடுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

இன்னும் ஒன்று. லொறி போன அடுத்த நாள் விடிய, இளையவள் வளவின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேணி தேத்தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். "அம்மா தந்தவ" என்றாள். கொட்டில் இன்னும் போடவில்லை, மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பு. வாயருகே கொண்டுபோனவன் ஒரு கணம் நிறுத்தினேன். இரவோடு இரவாகக் கிணறு மாறியிருந்தால்? பிறகு குடித்தேன். நல்ல தண்ணீர். இனிப்புப் போடவில்லை.